26 வருடம் கூட இருந்தும் கற்கவில்லையா? ஜாயின்ட் வென்ச்சரில் யார் யாரிடம் படித்தார்கள்

சேலத்தான் | 04-02-2025, மாலை 6:20

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனியோடு ஜாயின்ட் வென்ச்சர் (கூட்டுக் கம்பெனி) போட்டால் தொழில்நுட்பம் தானாக வந்துவிடும் என்று நாற்பது வருடமாகச் சொல்கிறார்கள். ஹீரோ 1984-ல் ஹோண்டாவோடு சேர்ந்தது, 2010 டிசம்பரில் பிரிந்தது. பிரியும்போது அடுத்த வண்டிக்கு என்ஜின் எங்கே என்று தேடவேண்டிய நிலைமை. என் கட்சி இது: வெளிநாட்டுக்காரன் ராயல்டி வாங்குவான், எதையும் கற்றுத் தரமாட்டான். மறுப்பவர்கள் உதாரணத்தோடு வரவும்.

டைகாஸ்ட் | 04-02-2025, இரவு 9:50

கற்றுத் தருவான் என்று எதிர்பார்த்ததிலேயே கோளாறு. கையெழுத்துப் போடுகிற இரண்டு பேருமே ஏதோ ஒன்று தெரியாமல்தான் வருகிறார்கள். 1984-ல் ஹோண்டாவுக்கு என்ஜின் தெரியும், இந்தியா தெரியாது. எந்த ஊரில் யாரை டீலராகப் போட்டால் வண்டி நகரும், பால்காரர் தவணையை எப்படிக் கட்டுவார், எந்தப் பட்டறையில் பாகம் ஒழுங்காக வரும் என்பதெல்லாம் லூதியானாவில் சைக்கிள் செய்து விற்ற, ஹீரோவின் சொந்தக்காரர்களான முஞ்சால் குடும்பத்துக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1999-ல் ஹோண்டா தனக்கே முழுச்சொந்தமான கம்பெனியை இங்கே தொடங்கிவிட்டது. 2001-ல் ஆக்டிவா ஸ்கூட்டர். மோட்டார்சைக்கிள் பக்கம் வராமல் ஒதுங்கியிருந்து, 2004-ல் யூனிகார்ன் பைக். கூட்டு உடைவதற்கு ஆறு வருடம் முன்பே ஹோண்டா பரீட்சை எழுதி முடித்துவிட்டது. ஆக, 26 வருடத்தில் ஒருவர் கற்றார். அவர் நம்மவர் இல்லை, அவ்வளவுதான்.

டைகாஸ்ட் | 04-02-2025, இரவு 10:25

@கணக்கப்பிள்ளை, ராயல்டி ஹீரோவைத் தின்றுவிட்டதா என்று கேட்டீர்கள். ராயல்டி கொடுத்து ஹீரோ ஒன்றும் அழியவில்லை. 2001-லேயே எண்ணிக்கையில் உலகத்தின் முதல் இருசக்கர வண்டிக் கம்பெனி. உங்கள் கணக்குப் பார்வையில் அது சூப்பர் டீல். கற்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. லாபம் கொட்டுகிற வருஷத்தில் "நாமே ஒரு என்ஜின் போட்டுப் பார்ப்போமே" என்று போர்டு மீட்டிங்கில் வாயைத் திறக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

டைகாஸ்ட் | 05-02-2025, இரவு 11:10

உதாரணம் கேட்டீர்கள். இந்தியாவை விட்டு வெளியே போகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் இதைவிடச் சுத்தமான பரிசோதனை வேறெங்கும் நடக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) கார் ஆலை ஒன்று அங்கே இருந்தது. நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தினம் ஒரு சண்டை, ஐந்தில் ஒருவர் வேலைக்கே வருவதில்லை, வந்தவர்களில் சிலர் லைனிலேயே குடித்தார்கள். 1982-ல் மூடினார்கள். அடுத்த வருடம் ஜி.எம்., டொயோட்டாவோடு பாதிக்குப் பாதி ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் பெயர் சுருக்கமாக நம்மி (NUMMI). 1984 டிசம்பரில் முதல் ஷெவர்லே நோவா வெளியே வந்தது.

கட்டடம் அதே. தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள். கார்த் தொழிலாளர்களின் யூ.ஏ.டபிள்யூ. சங்கமும் அதே. மாறியது நடத்தியவர் மட்டும். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் டொயோட்டாவின் டகாவோக்கா ஆலைக்கு அனுப்பி, அங்கத்திய ஆட்களோடு தோளோடு தோள் நிற்கவைத்துப் பழக்கினார்கள். 1986-ல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் அளந்தபோது ஒரு காரைக் கோப்பதற்கு ஜி.எம்.மின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் 31 மணி நேரம், டகாவோக்காவில் 16, நம்மியில் 19. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்.

இனிதான் விஷயம். இரண்டு கம்பெனியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. டொயோட்டாவுக்கு அங்கே ஒரு குறிப்பான கேள்வி இருந்தது. 1981 முதல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு, ஹோண்டா 1982-லேயே ஒஹையோவில் கார் செய்ய ஆரம்பித்துவிட்டது, டொயோட்டா பின்தங்கி நிற்கிறது. அமெரிக்கத் தொழிலாளியும் அமெரிக்கச் சங்கமும் அமெரிக்க சப்ளையரும் நம் முறைக்கு ஒத்து வருவார்களா? ஒரு வருடத்தில் விடை கிடைத்துவிட்டது. 1985 டிசம்பரில் கென்டக்கியில் சொந்த ஆலை என்று அறிவித்தார்கள், 1988 மே மாதம் அங்கே கேம்ரி ஓடியது.

ஜி.எம். எதற்கு வந்தது? சும்மா கிடந்த ஆலை ஓடும், லாபமான ஒரு சின்னக் கார் கிடைக்கும், அப்படியே டொயோட்டா எப்படிச் செய்கிறான் என்றும் பார்க்கலாம். அந்த மூன்றாவதற்காகப் பதினாறு மேனேஜர்களை அனுப்பினார்கள். அந்தப் பதினாறு பேரும் நன்றாகவே கற்றார்கள். திரும்பிப் போனபோது அவர்களை ஒன்றாக ஒரு இடத்தில் உட்காரவைக்க எந்தத் திட்டமும் இல்லை, மூலைக்கு ஒருவராகச் சிதறிப்போனார்கள். ஆலையின் ஒவ்வொரு அங்குலத்தையும் போட்டோ எடுத்து அப்படியே நம் ஆலைகளிலும் செய்யுங்கள் என்று ஒரு ஜி.எம். மேலாளர் உத்தரவு போட்டதாக ஒரு கதை உண்டு.

போட்டோவில் எது விழும்? லைனுக்கு மேலே தொங்குகிற கயிறு விழும். தப்பு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து லைனை நிறுத்தலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடிவந்து "என்ன உதவி வேண்டும்" என்று கேட்பது போட்டோவில் விழாது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் ஜி.எம். இதே குழு முறையை 1987-ல் கொண்டுவந்தது. மேலே இருந்தவர்களுக்கு அன்றைக்கு எத்தனை கார் வெளியே போனது என்பதே கணக்கு. அந்தக் கணக்கு மாறாத இடத்தில் எவன் கயிற்றைத் தொடுவான்? சங்கமும் நம்பவில்லை. 1992-ல் அதுவும் மூடல்.

டைகாஸ்ட் | 05-02-2025, இரவு 11:40

விட்டுப்போனது. சங்கத்துக்காரர்கள் நம்மியை நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆள் குறைப்பு என்று வந்தால் முதலில் மேலாளர்களின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலை உள்ளே வரும், அதற்குப் பிறகுதான் தொழிலாளி மேல் கை வைப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். 1988-ல் விற்பனை படுத்துக்கொண்டது, ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சியிலும் கைசனிலும் (வேலை முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்துவது) உட்காரவைத்தார்கள். இங்கே கைசன் போர்டு மாட்டியிருக்கிற எத்தனை கம்பெனியில் இப்படி ஒரு ஷரத்து இருக்கிறது?

டைகாஸ்ட் | 06-02-2025, காலை 7:15

ஜி.எம். கதையில் ஒரு பின்பாதி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் சேலத்தானின் கட்சிக்கு ஓசியில் ஓட்டுப் போட்டதாகிவிடும். 1992-ல் பழைய கிழக்கு ஜெர்மனியில் ஐசனாக் என்ற ஊரில் ஜி.எம்.மின் ஓப்பல் புது ஆலை திறந்தது. நம்மியில் ஊறிய ஆட்களை அங்கே கொண்டுபோனார்கள். ஐரோப்பாவிலேயே பேர் சொல்லும் ஆலைகளில் ஒன்றாயிற்று. பழைய பகை, பழைய வழக்கம், பழைய மேனேஜர் எதுவும் இல்லாத புது மண். டெட்ராய்ட்டில் ஜி.எம். தலைமையகத்துக்கு அந்தப் பாடம் போய்ச் சேர இன்னும் பல வருடம் பிடித்தது, சேர்ந்தபோது கம்பெனி திவாலுக்குப் பக்கத்தில் நின்றது.

டைகாஸ்ட் | 08-02-2025, மதியம் 2:30

@வடபாதி விடாமல் கேட்கிறார், என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர் கேட்காதீர்கள்.

ஓசூர்ப் பக்கம் ஒரு அலுமினிய டைகாஸ்டிங் கம்பெனி (உருக்கிய உலோகத்தை டை என்கிற அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது), ஜப்பான் பங்காளி. நான் குவாலிட்டியில். டிராயிங் வந்தது, ப்ராசஸ் ஷீட் வந்தது: உலோகம் இத்தனை டிகிரி, ஷாட் (உலோகத்தை டைக்குள் தள்ளுவது) வேகம் இவ்வளவு, டைக்கு ஸ்ப்ரே இத்தனை நொடி. வரிக்கு வரி அப்படியே செட் பண்ணினோம். மெஷினிங்கில் தோலைச் சீவினால் உள்ளே பொத்தல் பொத்தலாக ப்ளோஹோல். லீக் டெஸ்ட்டில் கூடை கூடையாக ரிஜெக்ஷன்.

ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஆபீஸ் ரூமுக்குள் அதிகம் வரவில்லை. வார்த்தது வெளியே வந்ததும் ரன்னரை (உலோகம் ஓடிவந்த வழியில் உறைந்த உபரித் துண்டு) தனியே எடுத்து வைத்து, ஆறவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டு. முறிந்த முகத்தை ட்யூப்லைட்டுக்குக் கீழே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். மணி மணியாகச் சாம்பல் வெள்ளையில் இருந்தால் கீழே போட்டுவிடுவார். கறுப்பாகத் திட்டோ மடிப்போ தெரிந்தால் நேரே போய் ஸ்ப்ரே நாஸிலைக் கொஞ்சம் திருப்புவார். டையின் ஒரு மூலையில் ஸ்ப்ரே தண்ணீர் தங்கி, சூட்டில் ஆவியாகி உலோகத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. ஷீட்டில் நொடி இருந்தது, கோணம் இல்லை. அவர்கள் ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் இன்ஜினியர்கள் மீட்டிங்கில் இருந்தோம். அவர் பக்கத்தில் நின்றது ஒரு ஐ.டி.ஐ. பையன், காண்ட்ராக்ட் லேபர். இவனுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. போகப் போக பையனும் ரன்னரை உடைத்துப் பார்க்க ஆரம்பித்தான். அவர் நீட்டுவதற்கு முன்னால் இவன் நாஸில் பக்கம் நகர்வான். அவர் ஊருக்குப் போனார். எங்கள் ரிப்போர்ட்டில் "ஸ்ப்ரே ஆங்கிள் சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி.

காண்ட்ராக்ட் முடிந்தது, பையனைப் புதுப்பிக்கவில்லை. ஹெச்.ஆர். ஷீட்டில் அவன் ஒரு தலை. அதே சிப்காட்டில் போட்டிக் கம்பெனி கொஞ்சம் கூடப் போட்டு எடுத்துக்கொண்டது. டை மாற்றிப் போட்டதும் ரிஜெக்ஷன் பழையபடி ஏறியது. மறுபடி ஜப்பானுக்கு மெயில். ஆள் வரும், நாள் கட்டணம் இவ்வளவு, விமானம் தனி, ஓட்டல் தனி என்று பதில். அந்தத் தொகைக்கு அந்தப் பையனைப் பெர்மனென்ட் பண்ணி, கல்யாணமே செய்துவைத்திருக்கலாம்.

டைகாஸ்ட் | 08-02-2025, மாலை 5:05

"வீடியோ எடுத்து வைத்திருக்கலாமே?" எடுத்தோம் ஐயா. அதில் ஒரு ஜப்பானியர் அலுமினியத் துண்டைப் பார்க்கிறார். பத்து நிமிஷம்.

டைகாஸ்ட் | 09-02-2025, இரவு 8:45

ஜப்பான் ட்ரெய்னிங்குக்கு யாரை அனுப்புவார்கள் என்று ஒரு தனி இழையே ஓட்டலாம். எங்கள் பக்கத்தில் அது தீபாவளி போனஸ் மாதிரி, மேலிடத்துக்கு வேண்டியவருக்கு முதல் சீட்டு. டை ஷாப்பில் வேலை செய்கிறவன் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக் காத்திருப்பான், பர்ச்சேஸ் மேனேஜர் போய்வருவார். அப்படியே சரியான ஆள் போனாலும் வந்ததும் ப்ரமோஷன் கொடுத்து மார்க்கெட்டிங்குக்கு மாற்றிவிடுவார்கள். கேட்டால் "ஜப்பான் கஸ்டமரோடு நன்றாகப் பேசுவான்". ஜி.எம்.மின் பதினாறு பேரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான்.

டைகாஸ்ட் | 10-02-2025, இரவு 10:00

ஓசூர் என்றதும் டி.வி.எஸ். பற்றிக் கேட்கிறார் @பழையலூனா. பேரிலேயே போட்டிக் கம்பெனியின் மொபெட்டை வைத்துக்கொண்டு கேட்கிறார், பரவாயில்லை.

ஹீரோவையும் டி.வி.எஸ்.ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு பேருக்கும் ஜப்பான் பங்காளி, இரண்டு பங்காளிக்கும் ஏறக்குறைய 26 சதவீதப் பங்கு. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி 100 வந்தது, பிறகு சாமுராய், ஷோகன். ஷோகன் போகிற சத்தத்தை வைத்தே தெருவில் யார் பையன் என்று சொன்ன காலம் அது. 2001-ல் பிரிந்தார்கள். அதே வருடம் விக்டர், 110 சிசி, நான்கு ஸ்ட்ரோக், சொந்த டிசைன். சுஸுகி இங்கே கொடுத்துப் பேர் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக், அது வேறு வகை என்ஜின் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எப்படி முடிந்தது? என் ஊகம்: சுஸுகி வருவதற்கு முன்பே, 1980-ல், அவர்கள் டி.வி.எஸ். 50 மொபெட் செய்துகொண்டிருந்தார்கள். சுஸுகி கூட இருந்த தொண்ணூறுகளிலும் ஸ்கூட்டியை ஓசூரிலேயே சொந்தமாகப் போட்டார்கள். குழம்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலும் சோறு வடிக்கிற அடுப்பை அணைக்கவில்லை. டிராயிங் போர்டில் ஏற்கெனவே வேலை செய்கிற கைக்குத்தான் பங்காளியின் டிராயிங்கில் எதை ஏன் அப்படிப் போட்டான் என்ற கேள்வியே வரும். முஞ்சால் குடும்பமும் மெஜஸ்டிக் மொபெட் செய்தது, ஆனால் அது வேறு கம்பெனி; ஹீரோ ஹோண்டா நேரே ஹோண்டாவின் சிடி 100 பைக்கில் தொடங்கியது. வண்டியும் தங்கமான வண்டி. கேள்வி கேட்க ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

டைகாஸ்ட் | 10-02-2025, இரவு 10:35

இன்னொன்று. டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் ஜப்பானின் தர விருதான டெமிங் பரிசு வாங்கியது, அதற்கு முன்பே 1998-ல் அதே குழுமத்துச் சுந்தரம் கிளேட்டன். அந்தத் தரப் பாடம் சுஸுகி ஒப்பந்தத்தின் வழியாக வரவில்லை. பேராசிரியர் ட்சுடா மாதிரி ஜப்பானியத் தர ஆசான்களைத் தனியாகக் கூப்பிட்டு, வருஷக்கணக்கில் திட்டு வாங்கிக் கற்றார்கள். அந்த வட்டத்தில் சப்ளையராக இருந்தவர்களுக்குத் தெரியும், ஆசான் வரும் வாரத்தில் யாரும் லீவு கேட்கமாட்டார்கள். பங்காளியிடம் வாங்கமுடியாததை வேறு கடையில் வாங்கலாம்.

டைகாஸ்ட் | 12-02-2025, காலை 6:50

@கணக்கப்பிள்ளை தியரி கேட்டார். நம்ம ஊர்க்காரரிடமிருந்தே தருகிறேன். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னையில் யூனியன் கார்பைடு பேட்டரி ஆலையில் வேலை பார்த்த சி.கே. பிரகலாத், கேரி ஹேமல், ஈவ் டோஸ் மூவரும் 1989-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை. பங்காளியும் போட்டியாளன்தான் என்பதை மறக்காதே என்பது அதன் அடிநாதம். அதில் எனக்குப் பிடித்த இடம்: எது கைமாறுகிறது என்பது ஒப்பந்தக் காகிதத்தைவிட, கீழே இன்ஜினியரும் ஆபரேட்டரும் தினமும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் ஐ.டி.ஐ. பையனுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்ட ஆசை.

டைகாஸ்ட் | 13-02-2025, இரவு 9:20

பிள்ளை பெற்றவருக்குப் பாடம் சொன்ன கதையும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் சேலத்தான் இன்னும் "அவன் தரமாட்டான், இவன் வாங்குவான்" என்றே நிற்பார். 1962-ல் ஜெராக்ஸ் தரப்பும் ஃபுஜி ஃபிலிமும் சேர்ந்து ஃபுஜி ஜெராக்ஸ் தொடங்கினார்கள். அமெரிக்கன் தொழில்நுட்பம், ஜப்பானில் விற்பனை, அவ்வளவுதான் திட்டம். எழுபதுகளில் கேனனும் ரிக்கோவும் சின்ன மெஷின்களை இறக்கி ஜெராக்ஸை அடித்துத் துவைத்தார்கள். அந்த அடியை முதலில் வாங்கியது ஜப்பானில் இருந்த பிள்ளை, முதலில் நிமிர்ந்ததும் அதுதான். 1980-ல் டெமிங் பரிசு. பிறகு ஜெராக்ஸ் தலைவர் டேவிட் கேர்ன்ஸ் அங்கே போய்ப் பார்த்துக் கற்றுத் தாய்க் கம்பெனியைத் திருப்பினார். 1989-ல் ஜெராக்ஸுக்கு அமெரிக்காவின் பால்ட்ரிஜ் தர விருது. ஜப்பான் பிள்ளை ஏற்கெனவே செய்து காட்டிவிட்டதால் "இது நமக்குச் சரிப்படாது" என்று அமெரிக்க மேனேஜர்களால் சொல்லமுடியவில்லை. நம்மியைப் பார்த்த ஜி.எம். மேனேஜர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

டைகாஸ்ட் | 15-02-2025, மாலை 4:10

சீனாவை இழுக்காமல் எந்த இழையும் முடியாது போலிருக்கிறது. சரி, சுருக்கமாக. சந்தையைக் கொடுத்துத் தொழில்நுட்பத்தை வாங்குவது என்று கொள்கையே வைத்தார்கள். 1984-ல் ஃபோக்ஸ்வாகனோடு ஷாங்காயில் ஒப்பந்தம், அன்றைக்கு வெளிநாட்டுக்காரனுக்குப் பாதிக்கு மேல் பங்கு கிடையாது. கூட்டு வைத்த பெரிய அரசுக் கம்பெனிகள் வெகுகாலம் பங்காளியின் காரை விற்றே வயிறு வளர்த்தன, ஹீரோவின் அதே வியாதி. துள்ளி எழுந்தது ஜீலி, பி.ஒய்.டி. மாதிரி, வெளிநாட்டுப் பங்காளி இல்லாமல் தொடங்கிய ஆட்கள். ஆனால் அவர்களுக்குப் பாகம் செய்துகொடுக்கத் தெரிந்த சப்ளையர்களும் பழகிய இன்ஜினியர்களும் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பகுதி அந்தக் கூட்டுக் கம்பெனிகளின் கொல்லைப்புறத்திலிருந்து. எங்கள் பையன் பக்கத்துக் கம்பெனிக்குப் போனதைப் பெரிய அளவில் நினைத்துக்கொள்ளுங்கள். சிப்காட்டுக்கு லாபம், எங்கள் முதலாளிக்கு நஷ்டம்.

இப்போது வண்டி திரும்பிவிட்டது. 2023-ல் ஃபோக்ஸ்வாகன் 70 கோடி டாலர் போட்டுச் சீனாவின் எக்ஸ்பெங்கில் சுமார் 5 சதவீதம் வாங்கியது, சீனாவுக்கான மின்சாரக் காரைச் சேர்ந்து செய்ய. அதே வருடம் ஐரோப்பாவின் ஸ்டெலான்டிஸ், சீனாவின் லீப்மோட்டரோடு 51-க்கு 49 கூட்டு. இந்தத் தடவை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது ஐரோப்பா.

டைகாஸ்ட் | 17-02-2025, இரவு 10:50

@சேலத்தான், "அப்போ ஹீரோ பாஸா ஃபெயிலா, ஒரே வார்த்தை" என்கிறீர்கள். ஒரே வார்த்தையில் வராது. பிரிந்த பிறகு ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாற்றினார்கள். 2013-ல் அமெரிக்காவில் எரிக் புயெல் ரேசிங் என்ற பைக் கம்பெனியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு வாங்கினார்கள், 2015-ல் அது திவால். 2016-ல் ஜெய்ப்பூர் பக்கம் பெரிய ஆராய்ச்சி மையம் திறந்தார்கள், அதே வருடம் முழுக்கச் சொந்த டிசைன் என்று ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் 110. ஹோண்டா இருந்தவரை ஏற்றுமதிக்குப் போட்டிருந்த வேலியும் போயிற்று, கொலம்பியாவிலும் பங்களாதேஷிலும் ஆலை வைத்தார்கள். இன்றும் சோறு போடுவது ஸ்ப்ளெண்டர் ப்ளஸ், அதன் 97.2 சிசி என்ஜின் ஹோண்டா வம்சம். இன்ஜினியரிங் காலேஜ் பாஷையில் சொன்னால், அரியர் வைத்து பாஸ்.

டைகாஸ்ட் | 18-02-2025, காலை 7:30

@வடபாதி, ஃப்ரீமாண்ட் ஆலை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். 2009-ல் திவாலானபோது ஜி.எம். கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1 அன்று டொயோட்டாவும் உற்பத்தியை நிறுத்தியது. அதே வருடம் டெஸ்லா வாங்கியது, இன்றும் அங்கே அவர்கள் கார்தான் ஓடுகிறது.

கூடவே டொயோட்டா 5 கோடி டாலரை டெஸ்லாவில் போட்டது. டெஸ்லாவின் மோட்டாரும் பேட்டரியும் வைத்து 2012-ல் ஒரு ராவ்4 மின்சார வண்டி வந்தது. இது கூட்டுக் கம்பெனி இல்லை, ஆனாலும் கற்க நல்ல வாய்ப்பு, மாணவனோ நான் மேலே மூன்று பத்தி புகழ்ந்த அதே டொயோட்டா. அவர்கள் மனசு அப்போது ஹைபிரிடிலும் ஹைட்ரஜனிலும் இருந்தது. 2014-ல் ஹைட்ரஜன் கார் மிராய் வந்தது, அந்த ராவ்4 நின்றது, 2016 முடிவதற்குள் டெஸ்லா பங்கு முழுவதையும் விற்றுவிட்டார்கள்.